பரண்மேல் யானை

யானை வாங்குகிறவன் யானையின் விலையை மட்டும் விசாரித்தால் போதாது. கட்டுத்தறி எங்கே, பாகன் யார், நாளொன்றுக்குத் தழை எவ்வளவு, கவளம் எவ்வளவு என்பதையெல்லாம் கணக்குப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். "யானையைக் கட்டித் தீனி போட யாரால் முடியும்?" என்று நம் வீடுகளில் இன்றைக்கும் சொல்லுகிறோம். ஆனால் கோயில் வாசலில் அன்றி வேறெங்கும் யானையைக் காணாத இக்காலத்து இளைஞர்கள், அந்த வாக்கியத்தின் உட்பொருளை எப்படி அறிவார்கள்? அவர்களுக்கு நாம் ஒரு வழி சொல்லுகிறோம். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில், ஹூஸ்டன் நகரில் அவர்கள் ஒரு வீடு வாங்கட்டும். வாங்கிய அன்றே அந்த வீட்டுப் பரண்மேல் ஒரு யானை நின்றுகொண்டிருப்பதைக் காண்பார்கள். அதற்குத் தழை வேண்டாம், கரும்பு வேண்டாம். டாலர் மட்டும் வேண்டும்.

2025-ஆம் வருஷம் மே மாதத்தில் நமது புதல்வியின் பிரசவத்துக்குத் துணையாக நாமும் நமது தர்மபத்தினியும் அந்த நகரத்துக்குப் பிரயாணமானோம். புளிக்காய்ச்சல், பிரசவ லேகியம், பருப்புப் பொடி ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு ஆகாய விமானம் ஏறும் தமிழ்ப் பெற்றோர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; ஆகவே அந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுதி நேயர்களின் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. நாம் எழுத வந்தது அந்த வீட்டைக் குளிர வைக்கும் யந்திரத்தைப் பற்றி.

நமது ஊரில் அறைக்கு ஒரு யந்திரம். சுவரிலே அது பெட்டிபோல் தொங்கும்; அந்த அறையை விட்டு வெளியே வந்தால் பழையபடி சித்திரை மாதந்தான். அங்கேயோ வீடு முழுவதுக்கும் ஒரே யந்திரம். அதன் ஒரு பாதி வீட்டுக்கு வெளியே, கொல்லைப் பக்கத்தில், பெரிய இரும்புக் கூடைபோல் உட்கார்ந்து இரைந்துகொண்டிருக்கிறது. மற்றொரு பாதி கூரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே உள்ள பரணில் படுத்திருக்கிறது. அதிலிருந்து ஆள் தொடைப் பருமனுள்ள குழாய்கள் நாலா பக்கமும் புறப்பட்டு, ஒவ்வோர் அறையின் தளத்திலும் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து, குளிர்ந்த காற்றைக் கொட்டுகின்றன. நடைச் சுவரில் ஒரு சின்னஞ்சிறு கருவி இருக்கிறது. வீட்டில் எவ்வளவு குளிர் வேண்டும் என்று அதனிடம் சொல்லிவிட்டால் போதும். மற்றதை யந்திரம் பார்த்துக்கொள்ளும். அந்தக் கருவியில் எந்த எண் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி வீட்டிலுள்ளவர்களுக்குள் ஒற்றுமை உண்டாக்க மட்டும் யந்திரத்தால் முடிவதில்லை.

இந்த யந்திரம் குளிரை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உஷ்ணத்தைச் சுமந்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் ஒரு கூலியாள். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளேயுள்ள உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரணிலுள்ள செம்புக் குழாய்ச் சுருளிலும் இதுவே நடக்கிறது. ஒரு திரவம் அங்கே ஆவியாகி, வீட்டுக் காற்றிலுள்ள உஷ்ணத்தைக் குடிக்கிறது. அந்த ஆவியைக் 'கம்ப்ரஸர்' என்னும் பகுதி அழுத்தி வெளியே அனுப்புகிறது. அங்கே அது உஷ்ணத்தைக் கக்கிவிட்டு மறுபடியும் திரவமாகித் திரும்பி வருகிறது. பானையில் நீர் ஆவியாகித் தொலைந்து போகிறது. இங்கே ஆவியானது வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

யந்திரத்தின் சக்தியை 'டன்' கணக்கில் சொல்லுகிறார்கள். அந்தச் சொல் நம்மைத் திருவல்லிக்கேணிக் கடற்கரைக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. பாஸ்டன் நகர வர்த்தகரான பிரடெரிக் டூடர், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி விற்றார். அதைச் சேமித்து வைக்க 1842-இல் சென்னையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் பிற்பாடு, 1897-இல், சுவாமி விவேகானந்தர் தங்கிய இடமாகி, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. யந்திரங்கள் வந்த பிறகும் குளிரைப் பனிக்கட்டியின் எடையாலேயே அளக்கும் வழக்கம் போகவில்லை. ஒரு டன் பனிக்கட்டி இருபத்து நாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை உட்கொள்ளுமோ, அதுவே 'ஒரு டன்' சக்தி. நமது மாப்பிள்ளையின் வீட்டிலிருப்பது நாலு டன் யந்திரம். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 3,600 கிலோ பனிக்கட்டி உருகுவதற்குச் சமம். டூடர் துரை கண்டிருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்.

பத்திரிகை வாசிக்கும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த யந்திரம் மனிதர்களின் சுகத்துக்காகப் பிறந்ததல்ல, அச்சுக்கூடத்துக்காகப் பிறந்தது. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வர்ணப் படங்களைக் கெடுத்தது. ஒரு வர்ணம் விழுந்த இடத்தில் அடுத்த வர்ணம் விழவில்லை. இதற்குப் பரிகாரம் தேடும்படி வில்லிஸ் காரியர் என்ற இளம் எஞ்சினீயரிடம் சொன்னார்கள். அவர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வகுத்த ஏற்பாடே இன்றைய குளிர்சாதனத்தின் மூலம். காகிதத்துக்குக் கிடைத்த சௌகரியம் பிறகுதான் மனிதனுக்குக் கிடைத்தது. வீட்டில் முதன்முதல் இதை வைத்தது 1914-இல் மின்னியாபோலிஸ் நகரத்து மாளிகை ஒன்றில். யந்திரத்தின் நீளம் சுமார் இருபது அடி! மாளிகையைக் கட்டத் தொடங்கிய சார்லஸ் கேட்ஸ் என்ற சீமானோ 1913-லேயே காலமாகிவிட்டார். யந்திரத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படும் நாம் நம் ஆயுளையும் சிறிது நினைத்துக்கொள்வது நல்லது.

இத்தகைய யந்திரம் ஆடம்பரந்தானே என்று கேட்கலாம். ஹூஸ்டனுக்குப் போகும் வரையில் நமக்கும் அந்த எண்ணமே இருந்தது. அந்நகரம் மெக்ஸிகோ வளைகுடாவுக்கு அருகில் இருக்கிறது. வெயிலோடு ஈரமும் சேர்ந்து, ஐந்து மாத காலம் ஊரே இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல் இருக்கும். அங்குள்ள வீடுகள் நம் நாட்டு வீடுகளைப்போல் முற்றமும் தாழ்வாரமும் உள்ளவை அல்ல. மரச்சட்டத்தில் பலகை அடித்து, யந்திரம் ஓடும் என்ற நம்பிக்கையின் பேரிலேயே கட்டப்பட்டவை. யந்திரம் நின்றால் அந்த வீடு வீடாயிராது, அடுப்பாகிவிடும். 2024 ஜூலை 8-ஆம் தேதி பெரில் என்னும் புயல் அங்கே வீசியபோது இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. பல நாள் வரையில் வராத இடங்களும் உண்டு. புயலுக்குத் தப்பியவர்களில் சிலர் அதற்குப் பின் வந்த உஷ்ணத்துக்குப் பலியானார்கள்.

ஆகையால், ஜூலை மாதம் ஒரு நாள் பிற்பகலில் நமது மாப்பிள்ளையின் வீட்டு யந்திரம் நின்றுபோனபோது யாரும் சிரிக்கவில்லை. குழந்தை பிறந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. இரண்டு மணிக்கு 78 டிகிரி காட்டிய சுவர்க் கருவி, ஆறு மணிக்கு 93 டிகிரி காட்டியது. குழந்தையின் மேலெல்லாம் சிவந்துவிட்டது. நமது தர்மபத்தினி ஈரத் துணியும் விசிறியுமாக உட்கார்ந்தாள். அந்த விசிறி, சென்னையிலிருந்து "எதற்கும் இருக்கட்டும்" என்று அவள் எடுத்து வந்தது. அதைப் பார்த்து முதலில் நகைத்தவர்கள் பிறகு அதற்காக முறை போட்டுக்கொண்டார்கள்.

அன்றிரவே ஒரு கம்பெனியின் ஆள் வந்தார். வெளியிலுள்ள கூடையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "இதற்குப் பதினாலு வயது ஆகிவிட்டது. இனி இதில் பணம் போடுவது வீண். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி 14,200 டாலருக்கு ஒரு காகிதம் எழுதி நீட்டினார். நாளைக்குள் கையெழுத்திட்டால் இன்ன தள்ளுபடி, மாதத் தவணையில் கட்டினால் இன்ன வட்டி என்றும் விளக்கினார். யந்திரத்தின் மூடியை அவர் திறந்ததாக நாம் காணவில்லை.

மாப்பிள்ளை அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிரசவச் செலவு அப்போதுதான் முடிந்திருந்தது. உள்ளே குழந்தை அழுதது. "மாமா, இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். "மூடியைத் திறக்காமல் நோயைச் சொன்ன வைத்தியருக்கு இவ்வளவு கொடுப்பதற்கு முன்னால், இன்னொரு வைத்தியரைக் கூப்பிடலாமே, மாப்பிள்ளை!" என்றோம். குழந்தையையும் தாயையும் அந்த இரவுக்குச் சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பினோம்.

மறுநாள் காலையில் வந்தவர் வயதானவர். தனியாகத் தொழில் செய்பவர். அவர் முதற்காரியமாக மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினார். அதன் தலைப் பக்கம் பூரிபோல் உப்பியிருந்தது. அதற்குக் 'கெபாஸிட்டர்' என்று பெயராம். மோட்டார் கிளம்புவதற்கு வேண்டிய உந்துதலைக் கொடுப்பது அதுதான். வெயிலில் வெந்து வெந்து சில வருஷங்களில் உயிரை விடுவது அதன் சுபாவம். புதியதை மாட்டினார். யந்திரம் இரைந்தது. கூலி உள்பட 240 டாலர் வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் சங்கீதக் கச்சேரி வைத்திருந்தாலும் அந்த இரைச்சலைப்போல் நமக்கு இனித்திராது.

பெரியவர் அதோடு போகவில்லை. மாப்பிள்ளையையும் நம்மையும் அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, இந்த யானை எப்படிச் சாகும் என்பதைக் காட்டினார்.

முதலாவது, வடிகட்டி. வீட்டுக் காற்றை யந்திரம் இழுக்கும் வாயிலில் அட்டைச் சட்டமிட்ட ஒரு வடிகட்டி இருக்கிறது. பத்து டாலர் பெறும். சாதாரண ஓர் அங்குல வடிகட்டியை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். நாயோ பூனையோ வளர்க்கும் வீடானால் இன்னும் சீக்கிரம். மாற்றாவிட்டால் தூசி அடைத்துக்கொள்ளும், காற்று குறையும், பரணிலுள்ள சுருளின் மேல் பனிக்கட்டி படியும். அப்போது ஆவியாக வேண்டிய திரவம் ஆவியாகாமலே கம்ப்ரஸருக்குள் போய் அதைக் கொல்லும். பத்து டாலர் சாமானைக் கவனியாததால் மூவாயிரம் டாலர் சாமான் போகிறது.

இரண்டாவது, வடிகுழாய். ஈரமான ஊரில் இந்த யந்திரம் காற்றிலிருந்து நாள்தோறும் குடம் குடமாகத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கிறது. அது ஒரு சிறு குழாய் வழியே வெளியேறுகிறது. இருட்டும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாசி பிடிப்பது இயற்கை. குழாய் அடைத்தால் தண்ணீர் பரணில் வழிந்து, மேல்தளத்தை நனைத்து, ஒரு நாள் கட்டிலின் மேல் விழும். சில மாதங்களுக்கு ஒரு முறை ஒரு கிண்ணம் வினிகரைக் குழாயில் ஊற்றினால் போதும். இன்னொரு விஷயமும் சொன்னார். யந்திரத்தின் கீழே காவலுக்கென்று ஒரு தட்டு வைத்து, அதற்குத் தனிக் குழாய் விட்டு, பெரும்பாலும் ஏதாவது ஒரு ஜன்னலுக்கு மேலே, கண்ணில் படும்படியாக முடித்திருப்பார்களாம். அங்கே தண்ணீர் சொட்டினால் அது மழையல்ல. முதற்குழாய் அடைபட்டுவிட்டது என்று வீடு அனுப்பும் தந்தி! நாலு வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளைக்கு, அந்தக் குழாய் எதற்காக இருக்கிறதென்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது, வெளியிலுள்ள கூடை. உஷ்ணத்தைக் கொட்டும் இடம் அதுதான். சுற்றிலும் செடியை வளர்த்து அழகுபடுத்தினால் அதற்கு மூச்சு முட்டும். இரண்டடியாவது இடம் விட்டு, புல்லும் இலையும் ஒட்டியிருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெதுவாகத் தண்ணீர் விட்டு அலம்ப வேண்டும். மூடிக்குள் கை வைப்பது மட்டும் நம் வேலையல்ல. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்தத் தகர டப்பாவில் அதிர்ச்சி தங்கியிருக்கும்.

நாலாவது, 'காஸ்' என்று சொல்லப்படும் அந்தத் திரவம். வண்டிக்குப் பெட்ரோல்போல் அது செலவாகிறதென்று எண்ணி, வருஷந்தோறும் ஊற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது செலவாகும் பொருளே அல்ல. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் ஊற்றுவது சல்லடையில் தண்ணீர் மொள்வதுதான். ஆகாயத்தின் ஓஸோன் படலத்தைக் கெடுத்த ஆர்-22 என்ற பழைய காஸை அமெரிக்காவில் 2020 முதல் புதிதாகச் செய்யவோ இறக்குமதி செய்யவோ கூடாது. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ, பூமியின் உஷ்ணத்தை ஏற்றுகிறதென்பதால், 2025 முதல் புது யந்திரங்களில் அதற்குப் பதிலாக வேறு காஸ்கள் வருகின்றன. ஆகவே வெளிப் பாதி போனால் உள் பாதியையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிறது. ஜோடி மாடுகளில் ஒன்று போனால் மற்றொன்றையும் விற்க வேண்டிய நிலைமைதான்.

அன்றிரவு மாப்பிள்ளையும் நாமும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். புது யந்திரத்தின் விலை, கம்பெனிக்காரர் எழுதியபடி, 14,200 டாலர். அது பதினைந்து வருஷம் உழைக்குமென்று வைத்தோம். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மணிக்கு நாலு யூனிட். நாளைக்குப் பத்து மணி நேரம். யூனிட்டுக்குப் பதினைந்து சென்ட். ஆக நாளைக்கு ஆறு டாலர், ஐந்து மாதக் கோடைக்கு 900 டாலர், பதினைந்து வருஷத்துக்கு 13,500 டாலர். ஏறக்குறைய இன்னொரு யந்திரத்தின் விலை! வருஷத்துக்கு இரண்டு தடவை ஆள் வந்து சோதிப்பது, வடிகட்டி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 300 டாலர். பதினைந்து வருஷத்துக்கு 4,500. கூட்டினால் 32,200 டாலர். கடைக்காரர் காகிதத்தில் இருந்தது இதில் பாதிக்கும் குறைவு.

இந்தத் தொகையில் மராமத்து ஏழில் ஒரு பங்குதான். அதை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? கவனிப்பில்லாத யந்திரம் பதினைந்து வருஷத்துக்குப் பதில் பத்து வருஷத்தில் மாண்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யந்திரத்தின் விலை வருஷத்துக்கு 947 டாலராக இருந்தது 1,420 டாலராகிறது. முந்நூறு டாலரை மிச்சம் பிடித்து நானூற்று எழுபது டாலரை இழக்கிறோம். அழுக்கடைந்த யந்திரம் அதிகமாக இழுக்கும் மின்சாரம் இதில் சேரவில்லை.

அப்படியானால் யந்திரத்தை என்றைக்குமே மாற்ற வேண்டாமா? மாற்றத்தான் வேண்டும். அதற்குத் தொழிலாளர்கள் ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். யந்திரத்தின் வயதை ரிப்பேர்ச் செலவால் பெருக்கு. ஐயாயிரத்தைத் தாண்டினால் புதியது வாங்கு. பதினாலு வயது, 240 டாலர், பெருக்கினால் 3,360. ஆகவே கிழவன் பிழைத்தான். கம்ப்ரஸரே போய் மூவாயிரம் டாலர் செலவென்றால் 42,000. அப்போது பிரிவுபசாரம் நடத்திவிட வேண்டியதுதான். மாப்பிள்ளை அன்று முதல் அந்த நாளுக்காக மாதம் எண்பது டாலர் தனியே எடுத்து வைக்கிறார். கையில் பணம் இருப்பவனை "நாளைக்குள்" என்று யாரும் மிரட்ட முடியாது.

புதியது வாங்கும்போது பழைய சீட்டைப் பார்த்து விலை சொல்லுகிறவரை நம்பக்கூடாதென்றும் பெரியவர் சொல்லியிருந்தார். ஜன்னல் எத்தனை, வெயில் எந்தப் பக்கம், பரணில் எவ்வளவு பஞ்சு என்றெல்லாம் அளந்து பார்ப்பவரே யோக்கியர். தேவைக்கு மேல் பெரிய யந்திரம் சீக்கிரம் குளிர வைத்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிய அதற்கு அவகாசம் இராது. வீடு குளிர்ந்தும் பிசுபிசுக்கும். காற்றுக் குழாய்களின் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். சாதாரணமாக ஒரு வீட்டில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு காற்று அந்த ஓட்டைகளில் போய்விடுகிறதாம். பரணிலுள்ள பல்லிகளுக்குக் குளிர்ச்சி அளிக்க யார்தான் இவ்வளவு செலவழிப்பார்கள்?

நமது நாட்டில் ஏரிக்குக் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன்னால் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர் எடுப்பார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள். வீடுகளிலும் அப்படியே: ஆடிக்கு முன் ஓடு மாற்றுவது, கோடையில் கிணறு இறைப்பது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது. இவற்றை யாரும் செலவென்று சொல்லவில்லை. குடித்தனம் என்றே சொன்னார்கள். யந்திரம் வந்ததும், காசு கொடுத்து வாங்கிவிட்டோம், இனி அதன் பாடு என்று இருந்துவிடுகிறோம். வாங்கின பொருளும் வளர்க்கும் பொருள்தான் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்; அது அவருடைய வேலையல்ல.

நாம் ஊர் திரும்புவதற்கு முன் நமது தர்மபத்தினி அந்த வீட்டுச் சமையலறையில் தமிழ் நாட்காட்டி ஒன்றை மாட்டினாள். ஒவ்வொரு தமிழ் மாதம் முதல் தேதிக்கும் எதிரே 'வடிகட்டி' என்று எழுதி, ஒன்றுவிட்டு ஒரு மாதம் 'வினிகர்' என்றும் சேர்த்திருக்கிறாள். மாதப் பிறப்புத் தர்ப்பணம் மறந்தாலும் மாப்பிள்ளை இதை மறப்பதில்லை என்று புதல்வி எழுதியிருக்கிறாள். பித்ருக்கள் க்ஷமிப்பார்களாக.